வாசலில் சொன்ன பதில்

கீழத்திடல்,
திருத்துறைப்பூண்டி தாலுக்கா.
19.8.2013, ஆவணி 3

என் பேத்தி மலர்க்கொடிக்கு உன் அப்பாயி ராசம்மாள் எழுதுவது.

நானும் பசுவும் கன்றும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். பின்லாந்துக் குளிர் உன்னை என்ன பாடு படுத்துகிறது?

முதலில் நம் பிள்ளைகள் சேதி. உன் அத்தை தர்மாம்பாள் மகன் பாரி கிராம நிர்வாக அலுவலர் பரீட்சையில் தேறிவிட்டான். ஒரு பட்டா நகலுக்காக உன் தாத்தா எந்த ஆபீசு வேப்பமரத்தடியில் எட்டு நாள் நின்றாரோ, அந்த மாதிரி ஆபீசில் இவன் உள்ளே உட்காரப் போகிறான். அவன் தங்கை செல்வமணி தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் நர்சு படிப்பு மூன்றாம் வருசம். அவள் ஊசி போட்டால் வலிப்பதில்லையாம், வார்டில் "அந்தக் கறுத்த பொண்ணு வரட்டும்" என்று கேட்கிறார்களாம். காத்தான் தாத்தா பேத்தி கபடியில் மாவட்டத்துக்கே முதல். வேற்று வீட்டுப் பிள்ளையானாலும் நம் தெருப் பிள்ளைதானே, சேர்த்துச் சொல்கிறேன். எல்லாருக்கும் மேலே நீ. இருநூறு பேர் முன்னால் நின்று இங்கிலீசில் பேசினாயாம். அதை நான் ரேசன் கடையில் சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன், கண்டக்டரிடமும் சொன்னேன்.

ஆனால் என்ன படிக்கிறாய் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "கம்பியில்லாத சேதி" என்றேன். காத்தான் தாத்தா, "ரேடியோ ரிப்பேரா அண்ணி?" என்றார். "உங்க வீட்டு ரேடியோவை நாற்பது வருசமா நீங்களே குத்திக் குத்திக் கெடுத்தது போதாதா, அதுக்கு என் பேத்தி வேற வரணுமா?" என்று கேட்டேன். நீ எனக்குப் புரிகிற மாதிரி எழுது. போனில் சொல்லாதே. என் காதுக்கு அது வெறும் இரைச்சல். பாரி வாங்கிக் கத்திச் சொல்கிறான், அதில் பாதி அவன் சொந்தச் சரக்கு.

மேட்டூர் திறந்து தண்ணீர் இன்னும் நம் கடைமடைக்கு வந்து சேரவில்லை. நாற்றுவிட்டால் தாங்காது என்று நேரடியாக விதைத்துவிட்டேன். நம் ஏக்கருக்கு என் பேரும் உன் பேரும் போட்டுக் கூட்டுப்பட்டா நகல் வந்துவிட்டது. உன் அப்பன் மருதையன் பேர் இருந்த இடத்தில் உன் பேர். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்னொன்று. இறால் பண்ணைக்காரர்கள் முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து இப்போது இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். நடராசன் என்று ஒரு புரோக்கர் மோட்டார் சைக்கிளில் சுற்றுகிறான். மேலே நம் தெரு அம்சத்தின் ஏக்கர், நடுவில் நம்முடையது, கீழே காத்தானுடையது. மூன்றும் ஒரே வரிசை. ஒன்றில் உப்புத்தண்ணீர் நின்றால் பக்கத்தில் பயிர் கருகும். உன் தாத்தாவும் காத்தானும் அம்சத்தின் புருசனும் ஜெயிலுக்குப் போய் வந்து, எழுபத்திரண்டில் வாங்கின நிலம். எனக்கு மூச்சு இருக்கிறவரை அதில் நெல்தான்.

உன் அப்பாயி,
ராசம்மாள்


ஊலு, பின்லாந்து.
14.9.2013

அன்புள்ள அப்பாயிக்கு,

உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன், நாலாவது தடவை என் அறைத்தோழிக்கு இங்கிலீசில் மாத்திச் சொன்னேன். கறுத்த பொண்ணு வரட்டும்னு கேட்கிற வார்டைப் பத்திச் சொன்னப்போ அவ கைதட்டினா. இங்கே இன்னும் குளிர் வரலை. சாயங்காலம் ஏழு மணிக்கும் வெயில் அடிக்குது.

சரி, என் படிப்பு. ரெண்டு செல்போன் கோபுரம்னு வெச்சுக்கங்க. ரெண்டு ஆள். ஒருத்தருக்குப் போற பேச்சு காத்துல பரவி இன்னொருத்தர் காதுலயும் விழும். அவருக்கு அது இரைச்சல். கோபுரத்துலேருந்து ஆளுக்குப் போற வழி நொடிக்கு நொடி மாறும். குறுக்கே ஒரு பஸ் போனா மாறும், அவர் திரும்பி நின்னா மாறும். அந்த வழி இந்த நிமிசம் எப்படி இருக்குன்னு கோபுரங்களுக்குத் தெரிஞ்சா, ரெண்டும் பேசி வெச்சு, ஒருத்தருக்கு அனுப்பறது இன்னொருத்தர் காதுகிட்ட வந்ததும் ஒண்ணையொண்ணு அழிச்சுக்கிற மாதிரி அனுப்பலாம். அப்ப ஒரே நேரத்துல ரெண்டு மரக்கால் சேதி போகும். ஒண்ணுமே தெரியலைன்னா, இவர் கொஞ்ச நேரம் அவர் கொஞ்ச நேரம்னு முறை வெச்சுக்க வேண்டியதுதான். மொத்தம் ஒரே மரக்கால்.

வழி எப்படி இருக்குன்னு போன்தான் பார்த்துக் கோபுரத்துக்குத் திருப்பிச் சொல்லணும். அந்தத் தகவல் தாமதமா வரும். வர்றதுக்குள்ள வழி மாறிடும். பழைய தகவல் குப்பைன்னுதான் எல்லாரும் நினைச்சிருந்தாங்க. அப்படியில்லைன்னு மூணு வருசம் முன்னால காட்டினாங்க. நேத்து யாருக்குப் போக வேண்டியது யார் காதுல தவறி விழுந்ததுன்னு இன்னிக்குத் தெரிஞ்சாக்கூடப் போதும். ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்துல உதவுற ஒரே ஒரு வார்த்தையைப் பொதுவா அனுப்பலாம். அவரவர் ஏற்கெனவே கேட்டதைக் கழிச்சுட்டுத் தனக்கு வேண்டியதை எடுத்துக்குவாங்க. அப்ப ஒரு மரக்காலும் அதுக்கு மேல மூணுல ஒரு பங்கும் போகும்.

நான் செய்யறது கலவைக் கணக்கு. ஒருத்தர் வழி எப்பவும் தெரியும், இன்னொருத்தர் வழி எப்பவுமே தெரியாதுன்னா, ஒரு மரக்காலுக்கு மேல போகாது போலிருக்கு. இன்னும் யாரும் முடிச்சுக் காட்டலை. ஆனா இப்ப இவரோடது, அடுத்து அவரோடதுன்னு மாத்தி மாத்தித் தெரிஞ்சா ஒன்றரை போகும்! தெரிஞ்ச அளவு அதேதான் அப்பாயி, கூட அரை மரக்கால் எங்கேருந்து வருது? அதைத்தான் படிக்கிறேன். காத்தான் தாத்தாகிட்ட, ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினாலும் ஒருத்தரை ஒருத்தர் அமுக்காம இருக்க வழி தேடறாளாம்னு சொல்லுங்க.

நிலத்து விசயம். நடராசன் போன ஞாயித்துக்கிழமை, எட்டாம் தேதி போன் பண்ணி, இறால் பண்ணைக்கு நிலத்தைக் குத்தகைக்குக் குடுக்க நீங்க ஒத்துக்கிட்டதா சொன்னார். மூச்சு இருக்கிறவரை நெல்தான்னு நீங்க எழுதியிருந்தீங்களே, மனசு மாறிட்டீங்களான்னு ஆச்சரியமா இருந்துச்சு, அவர்கிட்டயே கேட்டேன். "அது போன மாசம், அம்மா இப்ப சம்மதிச்சுட்டாங்க, உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி"ன்னார். உங்க கடிதம் பழசு, அவர் சொன்னது புதுசு. நல்லதுதான் அப்பாயி. எழுபது வயசுக்கு மேல சேத்துல நிக்க வேண்டாம். சம்மதக் கடிதத்துல கையெழுத்துப் போட்டு மறுநாளே ஈமெயில்ல அனுப்பிட்டேன். இனி தர்மா அத்தை வீட்டுல போய்க் காலை நீட்டி உட்காருங்க.

உங்க மலர்க்கொடி


கீழத்திடல்.
29.9.2013, புரட்டாசி 13

மலர்க்கொடிக்கு,

நான் சம்மதிக்கவில்லை.

அவன் ஆவணி இருபதாம் தேதி என் வாசலுக்கு வந்தான். "காத்தான் கையெழுத்துப் போட்டாச்சு, நீங்கதான் பாக்கி" என்றான். "போட்டவன் போடட்டும், என் நிலம் கிடையாது, போ" என்று விளக்குமாற்றை எடுத்தேன். உன்னிடம் போய் நான் சம்மதித்தேன் என்று சொல்லி உன் கையெழுத்தை வாங்கினான். அதை அச்செடுத்துக் காத்தானிடம் காட்டினான். காத்தான் போட்டுவிட்டார். அந்த இரண்டையும் தூக்கிக்கொண்டு திருப்பூருக்குப் போய், மகனோடு இருக்கிற அம்சத்திடம் வாங்கிவிட்டான். அறுப்பு முடிந்து தை மாதம் குத்தகைப் பத்திரம் பதிவு. இதெல்லாம் எனக்கு யார் சொன்னது? ரேசன் கடையில் அவனே சொல்லிச் சிரித்தானாம்.

இப்போது காத்தான் என்னோடு பேசுவதில்லை. நாம்தான் முதலில் போனோம் என்று நினைக்கிறார். நேற்று கொல்லைப் பக்கம் எதிரில் வந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். ஐம்பது வருசப் பழக்கம்.

உனக்கு ஒன்று தெரியாது, நான் சொல்லி வளர்க்காதது என் தப்பு. கூலி கேட்டுப் போராடின காலத்தில் பண்ணையின் காரியக்காரன் வாசல் வாசலாக வருவான். "பக்கத்து வீட்டில் ஒத்துக்கிட்டாச்சு" என்பான். பக்கத்து வீட்டில் போய், நம் வீட்டைச் சொல்வான். முதல் வருசம் அப்படித்தான் தோற்றோம். மறுவருசம் தெருவில் ஒரு கட்டு வைத்தோம். எவன் எதைக் கேட்டாலும் வாசலில் வைத்துப் பதில் கிடையாது. ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. "கோயில் முன்னால சொல்றோம்", அவ்வளவுதான். எல்லாரும் மாரியம்மன் கோயில் முன்னால் கூடி, எல்லார் காதிலும் விழ ஒரே பதில். பண்ணை ஆட்கள் உன் தாத்தா கோவிந்தராசுவை அடித்துக் கேட்டபோதும் அவர் அதையேதான் சொன்னார்.

உன் வாசலில் நின்று ஒருத்தன் கேட்டான். நீ வாசலிலேயே பதில் சொல்லிவிட்டாய். இரண்டு கோபுரத்துக்கு எதெது தெரிந்தால் என்னென்ன போகும் என்று நாலு பக்கம் எனக்கு எழுதின பிள்ளை, அப்பாயிக்குத் தெரியுமா என்று ஒரு வரி கேட்கவில்லை. என் கடிதம் பழசு என்று எழுதியிருக்கிறாய். பழசுதான். ஆனால் அது நான் எழுதினது.

சம்மதத்தைத் திருப்பி வாங்கி எழுத்தில் அனுப்பு. போன் வேண்டாம்.

ராசம்மாள்


ஊலு.
15.10.2013

அன்புள்ள அப்பாயிக்கு,

இதோட ரெண்டு தாள் இருக்கு. ஒண்ணு, சம்மதத்தை ரத்து செய்யறேன்னு நடராசனுக்கு நான் பதிவுத் தபால்ல அனுப்பினதோட நகல். இன்னொண்ணு அதையே சார்பதிவாளருக்கு எழுதினது. பாரி கையில கொடுத்து நேர்ல சேர்க்கச் சொல்லுங்க.

ஏமாந்துட்டேன்னு எழுதி முடிச்சுடலாம்னு மூணு தாளைக் கிழிச்சேன். அது முழு உண்மை இல்லை. அன்னிக்கு நடராசன் பேசும்போதே எனக்கு உறுத்துச்சு. உங்களைக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவீங்கன்னு தெரியும். அதனாலதான் கேட்கலை. நீங்க வெயில்ல நிக்கறது எனக்குப் பிடிக்கலை. உங்களுக்கு ஏதாவது ஆனா ஓடி வர முடியாத தூரத்துல இருக்கேன்னு தினமும் ஒரு பயம். யாரோ வந்து, எல்லாம் முடிஞ்சுடுச்சு, உங்க அப்பாயியே ஒத்துக்கிட்டாங்கன்னு சொன்னதும் நம்பிடலாம்னு தோணுச்சு. நம்பறது எனக்குச் சௌகரியமா இருந்துச்சு.

திட்டி எழுதுங்க. ஆனா எழுதுங்க.

மலர்க்கொடி


கீழத்திடல்.
20.10.2013, ஐப்பசி 3

மலர்க்கொடிக்கு அப்பாயி எழுதுவது.

உன் பதில் இன்னும் வரவில்லை. வருகிறவரைக்கும் நான் உட்கார்ந்திருக்கவில்லை.

காத்தான் வீட்டுக்கு நான்கு தடவை போனேன். "முதல்ல கையெழுத்துப் போட்டவங்ககூட எனக்கென்ன பேச்சு?" என்று உள்ளேயிருந்து சத்தம். எனக்குக் கேட்காது என்று இன்னும் உரக்கச் சொல்கிறார், அதில் ஒரு மரியாதை. அம்சமோ திருப்பூரில். பேசப் போனால் ஒன்று கதவு, இல்லையென்றால் தூரம்.

அப்புறம் உன் கோபுரக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். மரக்கால் கணக்கு எனக்கு முழுதும் ஏறவில்லை. ஆனால் பழைய தகவல் குப்பை இல்லை என்று எழுதியிருந்தாய். ஒருத்தருக்குப் போக வேண்டியது இன்னொருத்தர் காதில் விழுந்தது தெரிந்தால், எல்லாருக்கும் உதவுகிற ஒரே வார்த்தையைப் பொதுவாக அனுப்பலாம் என்றும் எழுதியிருந்தாய். சரி, நடராசன் என் காதில் காத்தானைப் பற்றிப் போட்டிருக்கிறான், காத்தான் காதில் என்னைப் பற்றிப் போட்டிருக்கிறான், அம்சம் காதில் இரண்டு பேரையும் போட்டிருக்கிறான் என்று கணக்குப் பண்ணினேன்.

இரண்டு அஞ்சல் அட்டை வாங்கினேன். இரண்டிலும் ஒரு எழுத்து மாறாமல் இதை எழுதினேன்: "நடராசன் ஆவணி 20 என் வாசலுக்கு வந்தான். காத்தான் போட்டாச்சு என்றான். நான் முடியாது என்றேன். இன்றுவரை போடவில்லை. ஆவணி 23 என் பேத்திக்குப் போன் செய்து நான் போட்டேன் என்றான். அவள் போட்டாள். உங்களிடம் எந்தத் தேதியில் வந்தான்? யார் யாரைப் பற்றி என்ன சொன்னான்? தேதியோடு எழுதவும்."

தபால்காரர் இப்ராஹிம் முகவரியைப் பார்த்துவிட்டு, "மூணு வீடு தள்ளியிருக்காரு, கையில குடுத்துடறதுதானேம்மா?" என்றார். "கையில குடுத்தா கிழிச்சுப் போடுவாரு. நீ முத்திரை குத்தித் தேதி போட்டுக் கொண்டுவந்து குடு" என்றேன். "சர்க்கார் முத்திரைன்னா வாங்கித்தானே ஆகணும்" என்று சிரித்துக்கொண்டே போனார். தெருவில் இப்போது எனக்குப் பேர் போஸ்ட்மாஸ்டர் அம்மா.

ஆறாம் நாள் காத்தானிடமிருந்து பதில். அவரும் அட்டையில்தான், அவரும் திருத்துறைப்பூண்டி போய் முத்திரையோடுதான். அப்படியே எழுதுகிறேன்:

"அண்ணிக்கு. அவன் ஆவணி 26 என்கிட்ட வந்தான். உங்க பேத்தி கையெழுத்தைக் காட்டினான். நீங்களும் போட்டாச்சு, தாள் ஆபீசுல இருக்கு என்றான். அன்றைக்குத்தான் நான் போட்டேன். ஆவணி 20-ல் அவன் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. அது பொய். ஆனால் ஒன்று கேட்கிறேன். இருபதாம் தேதி உங்களிடம் வந்தவனுக்கு நீங்களும் வாசலிலேயே பதில் சொல்லித்தானே விரட்டினீர்கள்? ஏன் கோயில் முன்னால் என்று சொல்லவில்லை? அன்றே என்னைக் கூப்பிட்டிருந்தால் 26-ல் நான் ஏமாந்திருப்பேனா? கட்டு எல்லாருக்கும்தானே. காத்தான்."

படித்துவிட்டு அடுப்பை அணைத்தேன். முடியாது என்று சொன்னதால் நான் சரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விரட்டிவிட்டேன் என்ற பெருமையில் காத்தானிடமும் சொல்லவில்லை, உனக்கும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் நீ கையெழுத்துப் போடுவதற்குள் வந்து சேர்ந்திருக்காது, அது எனக்கும் தெரியும். இருந்தாலும் நான் எழுதவில்லை.

அம்சம் பதில் வரட்டும், பதிவுக்கு முன்னால் மூன்று பேரும் கோயில் முன்னால் கூடுவோம். தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. பயிர் முழங்கால் உயரம். நான் விடப்போவதில்லை.

ராசம்மாள்


ஊலு.
8.11.2013

அன்புள்ள அப்பாயிக்கு,

நீங்க அட்டை எழுதின கதையை எங்க பேராசிரியர்கிட்ட சொன்னேன். அவர் ஒரு கேள்வி கேட்டார், அதுல நான் ஒரு வாரமா மாட்டிக்கிட்டிருக்கேன். "உன் கணக்குல தகவல் உடனே வருது, தாமதமா வருது, வராமலே போகுது. தப்பா வந்தா?" எங்க கணக்குல அதுக்கு இடமே இல்லை. காத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது அப்பாயி. வழி மாறும், மறையும், ஆனா வேணும்னே ஏமாத்தாது. நடராசனுக்கு என் கணக்கு பத்தாது. உங்க அட்டைதான் சரி. நீங்க தகவலை மட்டும் கேட்கலை, தேதியையும் சேர்த்துக் கேட்டீங்க. மூணு பேர் தேதியும் ஒரே இடத்துக்கு வந்தா பொய் தானா உடையுது. ஆய்வேட்டுல கடைசி அத்தியாயத்துல, இந்தக் கணக்கு எங்கே நிக்காதுன்னு ஒரு பக்கம் எழுதியிருக்கேன். பிப்ரவரியில வாய்மொழித் தேர்வு. தைக்கு என்னால வர முடியாது.

காத்தான் தாத்தா கேட்டதுக்கு நீங்க வருத்தப்பட்டு எழுதியிருந்தீங்க. நீங்க முடியாதுன்னு சொன்னதும் நான் சரின்னு சொன்னதும் ஒண்ணில்லை. என்னோட தப்பை உங்களோடதோட சேர்த்து இறக்கி வைக்காதீங்க.

ஒரு தாள் தனியா வெச்சிருக்கேன். கோயில் முன்னால காத்தான் தாத்தாவே படிக்கட்டும்.

இன்னொண்ணு. பட்டாவுல என் பேர் இருந்ததாலதான் இவ்வளவும் வந்துச்சு. என் பாதியை உங்க பேருக்கே எழுதிக் கொடுத்துடறேன். இங்கே இந்தியத் தூதரகத்துல கேட்டுட்டேன், செய்ய முடியும். ஒரு தடவை கேட்காம கையெழுத்துப் போட்டவளுக்கு அந்த நிலத்துல பேர் வேண்டாம். சரின்னு ஒரு வரி எழுதுங்க.

மலர்க்கொடி


கீழத்திடல்.
22.1.2014, தை 9

என் பேத்தி மலர்க்கொடிக்கு அப்பாயி ஆசையோடு எழுதுவது.

கார்த்திகை, மார்கழி முழுதும் உனக்கு எழுதவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். காரியம் முடியாமல் எதையும் எழுதுவதில்லை என்று இருந்தேன். இப்போது முடிந்தது, எழுதுகிறேன்.

பொங்கலுக்கு அம்சம் வந்தாள். காணும் பொங்கல் அன்று காலை கோயில் முன்னால் கூடினோம். நடராசனுக்கும் ஆள் அனுப்பினோம். "கையெழுத்து விசயமா கோயில் முன்னால சொல்றோம், வாங்க" என்று. பத்திரத்தோடு வந்தான், வெள்ளைச் சட்டை, கையில் ஒரு கட்டுக் கரும்பு வேறு.

முதலில் நான் சொன்னேன், தேதியோடு. அடுத்து காத்தான், தேதியோடு. அடுத்து அம்சம். "புரட்டாசி ரெண்டு. ராசம்மா அக்காவும் காத்தான் மாமாவும் போட்டுட்டாங்க, நீதான் குறுக்கே நிக்கறேன்னு சொன்னான்" என்றாள். காத்தான் எழுந்து, "ஆவணி இருபதுல நான் போட்டேனாம், ஆவணி இருபத்தாறுலயும் நான் போட்டேனாம். தம்பி, எனக்கு எத்தனை கை இருக்குன்னு நீயே எண்ணிச் சொல்லு" என்று இரண்டு கையையும் நீட்டினார். கூட்டம் சிரித்தது. நடராசன் மட்டும் சிரிக்காமல், "அதெல்லாம் கிடக்கட்டும். படிச்ச பொண்ணு, அவங்க பேத்தி, அவ கையெழுத்து நிசம்தானே? அதையும் நானா போட்டேன்?" என்றான்.

அப்போது காத்தான் உன் தாளைப் படித்தார். எனக்குக் காது கேட்காதென்று பாரி என் பக்கத்தில் நின்று சொல்லப் பார்த்தான். வேண்டாம் என்றேன். நீ அனுப்பினதை நான் பத்து தடவை படித்திருக்கிறேன், அவர் உதடு எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும். "என் அப்பாயியைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டது நான்தான். நடராசன் பொய் சொன்னார், அதை நம்ப நான் ஆசைப்பட்டேன். அந்தக் கையெழுத்தைப் பார்த்துப் போட்ட எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்" என்று வருகிற இடத்தில் காத்தானுக்குக் கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அங்கேயே காத்தான், தன் சம்மதமும் இல்லை என்றார்.

அம்சம் மட்டும் அசையவில்லை. "என் மகன் இனி ஏர் பிடிக்க வரமாட்டான். நான் குடுக்கத்தான் நினைக்கிறேன். ஏமாந்தேன், ஆனா எனக்கு அதுவேதான் வேணும்" என்றாள். நடராசனைப் பார்த்து, "என் ஒரு ஏக்கரை மட்டும் எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டாள். அவன், "ஒரு ஏக்கர்ல குளம் வெட்டினா கரைக்கே இடம் பத்தாதும்மா" என்று பத்திரத்தை மடித்தான். கரும்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அம்சம் சாப்பிடாமல் பஸ் ஏறினாள். அவள் கோபம் நியாயம்தான். நாங்கள் இரண்டு பேரும் ஜெயித்தது அவள் செலவில். நானும் காத்தானும் விளைச்சலில் அவளுக்குப் பங்கு கொடுத்து அவள் ஏக்கரை வாரத்துக்கு எடுத்து உழலாம் என்று பேசியிருக்கிறோம். காத்தான் "பேசிட்டு எழுதலாம்" என்றார். "எழுதிட்டுப் பேசலாம்" என்று நான் அட்டை வாங்கி வைத்திருக்கிறேன். அவள் முடியாது என்றால் மறுபடி எழுதுவேன்.

அறுப்பு ஆரம்பித்தாகிவிட்டது. இந்த வருசம் பதர் குறைவு.

இனி உன் பாதியைப் பற்றி. நீ கேட்ட ஒரு வரி கிடையாது. உன் பேர் பட்டாவில் இருந்ததால்தான் இவ்வளவும் வந்தது என்கிறாய். உன் பேர் இல்லாமலிருந்தால் அவன் என்னிடம் மட்டும் வந்திருப்பான், நான் விரட்டியிருப்பேன், நான் செத்த மறுநாள் மறுபடி வந்திருப்பான். அப்போது அவனுக்கு யார் பதில் சொல்வது? நான் உன்மேல் கோபப்பட்டது நிசம். புரட்டாசியில் உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன் பேரை யாரிடமும் சொல்லவில்லை, ரேசன் கடையில்கூட. ஆனால் கேட்காதது உன் தப்பு என்றால், விரட்டினதைச் சொல்லாதது என் தப்பு. நீ சேர்க்காதே என்கிறாய், நான் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன். எனக்கு வயதாகிறது, தனித்தனியாகச் சுமக்க முடியாது. நிலத்தில் உன் பேர் இருக்கும். வெயிலில் நிற்கக்கூடாது என்றால் அதையும் நேராக எனக்கே எழுது. முடியாது என்பேன். திரும்ப எழுது. அதுதான் வேண்டும்.

நேற்றுக் கிராம ஆபீசுக்குப் போனேன். விவசாயி அட்டை புதுசாகத் தருகிறார்கள். கூட்டுப்பட்டா என்றால் இரண்டு பேரையும் போடுவார்களாம். என் படத்தை ஒட்டினார்கள். உன்னுடையதாகப் பன்னிரண்டாம் வகுப்பு ஹால்டிக்கெட்டில் இருந்ததைக் கொடுத்தேன். அந்த அதிகாரி, "யாரும்மா இந்த இரட்டைச்சடைக் குழந்தை? விவசாயியா?" என்று சிரித்தார். "ஆமாம், இறால் பண்ணைக்காரனைத் திருப்பி அனுப்பின விவசாயி" என்றேன். செல்லாதாம். இப்போது இருக்கிற முகம் வேண்டுமாம்.

அதனால் வெளிச்சத்தில் நின்று, கண்ணாடி போட்டிருந்தால் கண்ணாடியோடு, ஒரு புதுப் படம் எடு. போனில் பாரிக்கு அனுப்பாதே. தாளில் எடுத்து, எனக்கே தபாலில் அனுப்பு.

உன் அப்பாயி,
ராசம்மாள்